சாலையும் விளையும்

திருவனந்தபுரத்துச் சாலை இன்று கடைத்தெரு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் கேசவதாஸ் அமைத்தது. அதனை அடுத்த வலியசாலையே பண்டைய காந்தளூர்ச்சாலை இருந்த இடம் என ஆய்வாளர் பலர் கருதுவர். அச்சாலையின் உள்வாழ்வை உய்த்துணர உதவுவது, தெற்கே முன்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்துச் செப்பேடாகும்.

9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முன்சிறைச் சபையார்க்கு மாற்றுநிலம் தந்து, உழக்குடிவிளை என்னும் நிலத்தைப் பெற்றான். அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்க்குச் சாலை நிறுவினான். சட்டர் என்போர் வேதம் பயின்ற மாணவர். குமரி மாவட்டத்தில் 'விளை' என்பது இன்றும் மரப்பயிர் வளரும் மேட்டுநிலத்தைக் குறிக்கும் வழக்குச்சொல். அதனை வெறும் ஊர்ப்பெயர் ஈறாக விட்டுவிடும் மொழிபெயர்ப்பில், சாலைக்கு அடியிலிருந்த உழவுநிலம் மறைந்துவிடுகிறது.

'கலம்' என்ற சொல்லின் சிக்கல் இதனினும் பெரிது. முதலாம் இராசராசன் காந்தளூர்ச்சாலையில் 'கலமறுத்த' செய்தியில், அதனை மரக்கலம் என்று கொண்டால் கடற்போர். உண்கலம் என்று கொண்டால் ஊட்டுமுறையின் வரையறை. உணவும் உறையுளும் தரும் கல்விச்சாலை என்பதால் பின்னதே பொருத்தமாகத் தோன்றும். ஆயின் பார்த்திவபுரத்துச் சட்டர் படைக்கருவியுடன் கூட்டத்திற்கு வருதல் ஆகாது எனச் செப்பேடு விலக்குகிறது. கருவி ஏந்தாதாரிடத்து இவ்விலக்கு எதற்கு? போர்ப்பொருளை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது.