ஒரு மரமும் பல ஆராய்ச்சிகளும்



சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம், "பெரியவனானதும் என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டேன். "வரலாறு படிக்கணும் சார்" என்றான். பக்கத்தில் நின்ற அவன் அப்பா சிரித்துக்கொண்டே, "வரலாறு படிச்சு என்னா சார் பண்றது? சயன்ஸ் படிச்சாலாவது ஆராய்ச்சி, கீராய்ச்சின்னு போகலாம்" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற கவலை எந்தத் தகப்பனுக்கும் உண்டு. ஆனால் ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரிதானா என்று நம் பால் மரத்தைக் கொண்டே பார்ப்போமே!

பால் மரம் இந்த மண்ணின் மரமன்று. 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. மறு ஆண்டு, 1877-ல், 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன.

கன்று வந்தது, மரமும் வளர்ந்தது. ஆனால் பாலை எடுப்பது எப்படி? பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்தி எடுத்தார்கள். மரம் புண்பட்டுப் போகும். 1888-ல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்ற தாவரவியலார் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பார்த்தார். சீவிய இடத்திலேயே மீண்டும் சீவினால் முன்னைவிட அதிகமாகப் பால் வடிகிறது என்று கண்டார். விடியற்காலையில் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். ஆகவே அப்போது பால் நன்றாக வடியும். நம் பாட்டன் பாட்டிமார் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு நிரைக்குப் போனார்களே, அதற்குக் காரணம் இதுதான். ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் ரிட்லிக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பெயர் கிடைத்தது! காப்பியின் விலை விழுந்த பிறகுதான் முதலாளிகள் அவர் பேச்சைக் கேட்டார்கள். இது தாவரவியல்.

மரம் வந்தது, மரத்தோடு ஆளும் வந்தார்கள், ஆளோடு காய்ச்சலும் வந்தது. மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் 1897-ல் இந்தியாவில் செகந்திராபாத்தில் கண்டார். 1901-ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்தார், காட்டை வெட்டினார், காய்ச்சல் குறைந்தது. அதையே மேட்டு நிலத் தோட்டங்களில் செய்தபோதோ காய்ச்சல் கூடியது! காரணம் என்ன? கடலோரச் சதுப்பில் நிழல் நீரில் முட்டையிடும் கொசு ஒரு வகை. மேட்டு நிலத்தில் வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் கொசு வேறு வகை. மரத்தை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. பிறகு ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார்கள். வாய்க்காலில் எண்ணெய் தெளித்தார்கள். கொசுவின் குணத்தைப் படிப்பது பூச்சியியல். காய்ச்சலைத் தடுப்பது மருத்துவம். இரண்டும் கைகோத்தால்தான் உயிர் பிழைத்தது.

அடுத்து நம் அடுப்பங்கரைக்கு வாருங்கள். அந்நாளில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் நிற்கும். தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பலர் மடிந்தார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழரை அந்த நோய் அதிகம் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்தார். 1905-ல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்தை இன்று வைட்டமின் பி1 என்கிறோம். "பழைய காலத்துப் பழக்கம்" என்று நாம் தள்ளிவிடும் ஒன்றில் எவ்வளவு பெரிய உண்மை, பார்த்தீர்களா! ஆனால் இப்படி மனிதரை வைத்துச் சோதிக்கலாமா என்ற கேள்வியும் எழுகிறதல்லவா? சம்மதம் பெறாமல் இன்று அவ்வாறு செய்ய முடியாது. செய்யத் தகுந்தது எது, தகாதது எது என்று ஆராய்வதும் ஒரு துறைதான். அதன் பெயர் அறவியல்.

நம் வாயிலிருந்து வரும் சொற்களையும் ஆராய்கிறார்கள். 'கித்தா' என்கிறோம், அது மலாய் மொழியின் 'கெத்தா'. 'பிரட்டு' என்கிறோம், அது ஆங்கிலத்தின் 'பரேட்'. நம்முடைய 'கங்காணி' என்ற சொல்லோ ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தோட்டத்துப் பேச்சு கொச்சை என்று வெட்கப்படுகிறோம். மொழியியலாருக்கு அது புதையல். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது வேறெங்கும் அன்று, நம் கோலாலம்பூரில்தான். அதை முன்னின்று நடத்தியவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயக அடிகள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இப்போது அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன்.

1925-ல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. (1998 முதல் அது மலேசிய ரப்பர் வாரியத்தில் சேர்ந்துவிட்டது.) அங்கே உருவாக்கிய ஒட்டு மரங்களுள் புகழ் பெற்றது ஆர்.ஆர்.ஐ.எம். 600. பால் வெட்டியவர்களைக் கேளுங்கள், பெயரைச் சொன்னாலே தெரியும். அந்த மரத்தின் பெற்றோர் யார் என்று கேட்டால் ஏட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவார்கள்: ட்ஜிர் 1, பி.பி. 86. மரத்துக்கு வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியது நல்லதே.

அந்த மரத்தை வெட்டியவருக்கு?

என் பாட்டியின் அப்பா 1943-ல் சயாம் ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. பாட்டிக்கு அப்போது எட்டு வயது. "ஊரு எதும்மா?" என்று கேட்டால், "சேலத்துப் பக்கம்னு சொல்வாங்கப்பா" என்பார். அவ்வளவுதான். அந்தப் பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கும் மேல். காஞ்சனபுரியில் அவர்களில் பலருக்குப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. நம்மவர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் அதைவிடப் பல மடங்கு இறந்தார்கள். சரியான எண்ணிக்கை இன்றுவரை இல்லை. பெயர் யாரும் எழுதி வைக்கவில்லை.

வரலாறு படித்து என்ன செய்வது என்றால், இதைச் செய்வது! பேராசிரியர் சந்து 1786 முதல் 1957 வரை மலாயாவுக்கு இந்தியர் வந்து குடியேறியதை ஆராய்ந்து 1969-ல் நூலாக வெளியிட்டார். 1970-ல் பேராசிரியர் அரசரத்தினத்தின் நூல் வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் முடிந்ததையும், 1938-ல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியதையும் நாம் தேதியோடு சொல்ல முடிகிறதென்றால் இத்தகையோரின் உழைப்பே காரணம். ஆனால் அரசாங்க ஏட்டில் இருப்பது எண்ணிக்கை. லயத்தில் இருந்தது வாழ்க்கை. அந்த மீதியை யார் எழுதுவது?

மாணவர்களே, நீங்கள்தான்! ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டில் உள்ள பெரியவரிடம் உட்காருங்கள். அவர் பெற்றோரின் பெயர், ஊர், வந்த ஆண்டு, கப்பல், முதலில் இறங்கிய தோட்டம் இவற்றைக் கேளுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். உங்கள் இஷ்டத்துக்குத் திருத்த வேண்டாம். ரிட்லி மரத்திடம் காட்டிய பொறுமையைத் தாத்தாவிடம் காட்டுங்கள். இதுவே ஆராய்ச்சியின் முதற்படி.

பெற்றோர்களே, தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன, பல இடங்களில் பால் மரம் போய்ச் செம்பனை நிற்கிறது, லயங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. சயாமை நேரில் கண்டவர் விரல் விட்டு எண்ணக்கூடியவரே. ஆகவே பிள்ளை கேட்கும்போது "போய்ப் படி, அதெல்லாம் எதுக்கு?" என்று விரட்டாதீர்கள். அதுவும் படிப்புத்தான்.

அந்த மாணவன் இவ்வாண்டு இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். போகும்போது ஒரு நோட்டைக் காட்டினான். முதல் பக்கத்தில் அவன் கொள்ளுப்பாட்டியின் பெயரும் ஊரும் இருந்தன. சொன்னவர் என்ற இடத்தில் அவன் அப்பாவின் பெயர் இருந்தது.

வாழ்க தமிழ்! வளர்க கல்வி!