தேனீக்களைக் காக்க அமெரிக்க மாகாணங்கள் இயற்றிய சட்டங்கள்: தடை எதற்கு, விலக்கு யாருக்கு?

அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டின் இறுதியில் தேனீ வளர்ப்பாளர்கள் விநோதமான இழப்பைச் சந்தித்தனர். ராணித் தேனீயும் சேமித்த தேனும் பெட்டியிலேயே இருக்க, வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் காணாமல் போயின. ஒட்டுண்ணி, நோய், உணவுப் பற்றாக்குறை, பூச்சிக்கொல்லி எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. இவற்றில் சட்டத்தால் எளிதில் கட்டுப்படுத்தக்கூடியது பூச்சிக்கொல்லி என்பதால், மாகாண அரசுகளின் கவனம் நியோநிகோடினாய்டு வகை மருந்துகள் மீது திரும்பியது.

பாதிப்பு எவ்வாறு?

இம்மருந்துகள் செடியின் உடல் முழுவதும் பரவுபவை. இதனால் மகரந்தத்திலும் பூந்தேனிலும் அவற்றின் எச்சம் கலக்கிறது. விதையில் பூசப்படும் மருந்தில் சிறு பகுதியை மட்டுமே பயிர் உறிஞ்சுகிறது. பெரும்பகுதி மண்ணில் தங்கிவிடுகிறது.

மேரிலாந்து முதல் வெர்மான்ட் வரை

மேரிலாந்து மாகாணம் 2016-இல் இயற்றிய சட்டம், வீட்டுத் தோட்டங்களுக்காகப் பொதுமக்கள் இம்மருந்துகளை வாங்கிப் பயன்படுத்துவதை 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்தியது. விவசாயிகளுக்கும் சான்றிதழ் பெற்ற பணியாளர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

நியூயார்க் ஒரு படி மேலே சென்றது. 2023 டிசம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, இம்மருந்து பூசிய மக்காச்சோளம், சோயாபீன், கோதுமை விதைகளுக்கு 2029 முதல் தடை நடைமுறைக்கு வருகிறது. வெர்மான்டில் இதேபோன்ற மசோதாவை ஆளுநர் பில் ஸ்காட் நிராகரித்தார். எனினும், 2024 ஜூனில் சட்டப்பேரவை அந்நிராகரிப்பை முறியடித்து அதைச் சட்டமாக்கியது.

விவசாயிகளின் கவலை

மருந்து பூசாத விதைகள் போதிய அளவில் கிடைக்குமா, மாற்று மருந்துகள் இன்னும் கடுமையானவையாக இருக்குமா என்பதே விவசாயிகளின் கேள்வி. விதைத் தடைக்கு நீண்ட அவகாசமும், குறிப்பிட்ட சூழல்களில் விலக்கும் அளிக்கப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

'மீன்' ஆன தேனீ

கலிபோர்னியாவில் பிரச்சினை வேறு வடிவில் எழுந்தது. அம்மாகாணத்தின் அழியும் நிலை உயிரினங்கள் சட்டத்தில் பூச்சிகள் நேரடியாக இடம்பெறவில்லை. ஆனால், 'மீன்' என்ற சொல்லின் சட்ட விளக்கத்தில் முதுகெலும்பற்ற உயிரினங்களும் அடங்கும். அதன் அடிப்படையில், நான்கு வகை பம்பிள் தேனீக்களுக்கும் அச்சட்டத்தின் பாதுகாப்பு பொருந்தும் என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது.

இதே கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்காகத்தான், ஆண்டுதோறும் பூக்கும் பருவத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் லட்சக்கணக்கான தேனீப் பெட்டிகள் லாரிகளில் கொண்டுவரப்படுகின்றன.