ஜப்பானும் மைசூரும் திறந்த கதவுகள்

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்தோடு பெரும்பாலும் தொடர்பற்றிருந்த ஜப்பான், 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் போர்க்கப்பல்களைக் கண்டு விழித்துக்கொண்ட வரலாற்றை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். 1868இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. 1871இல் சிற்றரசுகள் ஒழிந்தன. 1872இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்னும் ஆணை பிறந்தது. 1889இல் அரசியலமைப்பு வந்தது.

ஆயின் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. தோல் பதனிடுதல், செத்த விலங்குகளை அகற்றுதல் ஆகிய தொழில்களின் பெயரால் ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட மக்கள் ஜப்பானிலும் இருந்தனர். மொழி ஒன்று, நிறம் ஒன்று. எனினும் தீண்டாமை இருந்தது! 1871ஆம் ஆண்டு ஆணை அவர்களுடைய இழிபெயர்களை நீக்கிப் பொதுமக்களோடு சேர்த்தது. ஊராரோ அவர்களைப் 'புதிய பொதுமக்கள்' என்றழைத்து, வேற்றுமையை வேறு பெயரில் காத்துக்கொண்டனர். 1873இல் மிமாசாக்கா பகுதியில் அவர்தம் வீடுகள் கொளுத்தப்பட்டன. தோல் தொழிலில் அவர்களுக்கிருந்த தனியுரிமையும் பறிபோயிற்று. பெயரளவில் சமத்துவம் வந்தது. பிழைப்போ கையை விட்டுப் போனது. அரை நூற்றாண்டு பொறுத்திருந்து, 1922 மார்ச் 3ஆம் நாள் கியோத்தோ நகரில் 'சூய்ஹெய்ஷா' என்னும் சமத்துவச் சங்கத்தை அவர்களே நிறுவினர்.

இந்த ஜப்பானை நேரில் கண்டு வியந்தவர் ஒருவர் நமக்கு அண்டையிலேயே ஆட்சி நடத்தினார். 1792 வரை நம் பாராமகால் பகுதியும் மைசூர் ஆட்சியில் இருந்ததே. அந்த மைசூருக்கு 1912இல் திவானான விசுவேசுவரய்யா, 1898இலேயே ஜப்பான் சென்று வந்தவர். வங்கி, பல்கலைக்கழகம், கட்டாயத் தொடக்கக் கல்வி என்று அவர் காலத்தில் மைசூர் விரைந்து முன்னேறியது. 1915இல் சி. ஆர். ரெட்டியின் முயற்சியால் அரசுப் பொதுப்பள்ளிகளில் பஞ்சமர் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. எதிர்ப்பு எழாமலில்லை, ஆணை நின்றது. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவதன் அருமை ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு நன்கு தெரியும்.

பள்ளியைத் திறந்த அரசு, அலுவலகத்தைத் திறக்கும்போது தயங்கியது. உத்தியோகங்களில் பங்கு கேட்டுப் பிராமணரல்லாதார் முறையிடவே, மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1918இல் தலைமை நீதிபதி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். தகுதி குன்றும் என்று கருதிய திவான் அவ்வாண்டின் இறுதியில் பதவியை விட்டு விலகினார். அவருடைய அறிவும் நேர்மையும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை. எனினும் இதில் அவரோடு நாம் உடன்படுவதற்கில்லை. தகுதி பள்ளியில் விளைவது. பொதுப்பள்ளியே மூன்றாண்டுகளுக்கு முன்னர்தான் திறந்த மக்களிடம் அதனை உடனே காட்டு என்பது எவ்வகை நீதி?

உயர் உத்தியோகங்களில் பாதிக்குக் குறையாமல் ஏழாண்டுகளுக்குள் பிற சமூகத்தார்க்குச் சேர வேண்டும், அதில் தாழ்த்தப்பட்டோர்க்கு முன்னுரிமை வேண்டும் என்று மில்லர் குழு பரிந்துரைத்தது. 1921இல் மைசூர் அரசு அதனை ஏற்று ஆணையிட்டது. கியோத்தோவில் சங்கம் கூடியது அதற்கு மறு ஆண்டு.