கைமாறிய கொற்றம்

சிலாங்கூரின் அரச சின்னங்கள் பிறந்த மண் சிலாங்கூர் அல்ல. 1766இல் பூகிஸ் வழிவந்த ராஜா லுமுவைச் சுல்தானாக ஏற்ற பேராக் சுல்தான் மஹ்மூட், அவருக்கு நோபாட் என்னும் அரச வாத்தியங்களையும் வழங்கினார். பேரிகை, இரட்டைமுக மேளம், செருனாய்க் குழல், நஃபிரி என்னும் நீண்ட வெள்ளி ஊதுகொம்பு ஆகியவை முழங்கினால்தான் பதவியேற்பு நிறைவுறும். முரசைக் கட்டிலில் ஏற்றிப் பூசித்த மூவேந்தர் மரபை அறிந்த நமக்கு இது விளங்காத சங்கதியல்ல.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுல்தான் சுலைமான் காலத்தில், அரச தலைநகர் ஜுக்ராவிலிருந்து கிள்ளானுக்கு வந்தது. கொற்றமும் கூடவே வந்தது. அவருக்குப் பின் மூத்த மகன் தெங்கு மூசா பட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஊதாரி, சூதாடி என்று குற்றஞ்சாட்டிய பிரிட்டிஷ் ரெசிடென்ட் தியடோர் ஆடம்ஸ், இளவரசர் பதவியை அவரிடமிருந்து பறிக்கச் செய்தார். தந்தை லண்டன் வரை முறையிட்டும் பலிக்கவில்லை. 1936இல் இளவரசரான தம்பி ஹிசாமுடீன், 1938இல் சுல்தான் ஆனார்.

1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சில நாட்களிலேயே ஹிசாமுடீனைக் கிங்ஸ் ஹவுஸ் மாளிகைக்கு வரவழைத்து, அரச சின்னங்களை அண்ணனிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆடம்ஸ் ஒதுக்கியவரை ஜப்பானியர் அரியணையில் அமர்த்தினார்கள். 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் எல்லாம் தலைகீழானது. மூசாவைக் கோக்கோஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். சின்னங்கள் மீண்டும் தம்பியிடம் வந்தன.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1013இல் டேனிஷ் மன்னன் ஸ்வெயினுக்கு நாட்டை விட்டுவிட்டு ஆங்கிலேய மன்னன் எத்தெல்ரெட் நார்மண்டிக்கு ஓடினான். மறு ஆண்டு ஸ்வெயின் இறந்ததும் ஆங்கிலேயப் பெருமக்கள் எத்தெல்ரெட்டைத் திரும்ப அழைத்தார்கள், முன்னைவிட நேர்மையாக ஆள வேண்டும் என்ற நிபந்தனையுடன். ஹிசாமுடீனுக்கும் நிபந்தனை காத்திருந்தது, ஆனால் அதை விதித்தவர்கள் குடிமக்கள் அல்லர். 1945 முடிவதற்குள், ஆட்சி அதிகாரத்தைப் பிரிட்டிஷ் அரசருக்கு விட்டுக்கொடுக்கும் மெக்மைக்கல் ஒப்பந்தத்தில் அவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பேரிகையும் நஃபிரியும் சுல்தானிடம், அதிகாரம் லண்டனிடம். மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்த பிறகே, அந்த ஒப்பந்தங்களின் மேல் எழுந்த மலாயன் யூனியன் 1948இல் கலைந்தது.

1960இல் ஹிசாமுடீன் மலாயாவின் இரண்டாவது மாமன்னரானார். முடிசூட்டு விழாவுக்குக் குறித்த செப்டம்பர் 1 அன்றே காலமானார். அவர் அடக்கமானது கிள்ளானில்.

இன்று கிள்ளான் ரயில் நிலையத்துக்கு அருகே, 1909இல் கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்த வெள்ளைக் கட்டடத்தில் அரச காட்சியகம் இயங்குகிறது. தெங்கு கிளானா சாலையில் புடவையும் பலகாரமும் வாங்க வருபவர்கள் நடந்தே போய்ப் பார்க்கலாம். சின்னங்களைக் கைமாறச் செய்த இரு தரப்பும் போய்விட்டார்கள். சிலாங்கூர் தன் கணக்கைத் தானே எழுதிக்கொண்டது. ஹிசாமுடீன் ஆறாம் சுல்தான். அவர் மகன் சலாஹுடீன் எட்டாமவர். இன்றைய சுல்தான் ஷராஃபுடீன் ஒன்பதாமவர். இடையில் நிற்கும் ஏழாம் எண் மூசாவுக்குரியது.