இடிந்த சுவரின் செங்கல்

புழல் என்றதும் சென்னைவாசிகளின் மனத்தில் முதலில் தோன்றுவது ஏரி, அடுத்தது சிறைச்சாலை. பூங்கா நகரிலிருந்த பழைய மத்திய சிறையின் கைதிகள் 2006-ஆம் ஆண்டில் இங்கு மாற்றப்பட்ட பிறகு, ஊரின் பெயரே சிறையின் பெயராகிவிட்டது. ஆனால், இப்பகுதியில் பங்குப் பணியாற்றும் நமக்கோ புழல் என்றால் நினைவுக்கு வருவது செங்கல்லே. செங்குன்றத்துக்கு அப்பாலுள்ள சூளைகளிலிருந்து செங்கல் ஏற்றிய லாரிகள் இவ்வழியாகத்தான் நகருக்குள் நுழைகின்றன. இடித்த வீடுகளின் இடிபாடுகளை ஏற்றிய லாரிகள் இதே சாலையில் எதிர்த்திசையில் செல்கின்றன. வருகிற கல்லுக்கு விலை உண்டு. போகிற கல்லுக்குப் பெயர் குப்பை.

சில மாதங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அறுபது ஆண்டுப் பழைமையான அவரது வீட்டை இடித்துவிட்டு, மகன் புது வீடு கட்டுகிறார். பழைய செங்கற்களைத் தோட்டத்துச் சுவருக்கேனும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தாயின் ஆசை. 'பழைய கல் குடும்பத்துக்கு ஆகாது. சாவு விழுந்த வீட்டுக் கல் புது மனைக்குள் வரலாமா?' என்பது உறவினர் வாதம். "அந்த வீடு கட்டும்போது சித்தாளா நின்னு, இந்தக் கல்லையெல்லாம் தலையில சுமந்தவ நான், சாமி. இதைக் குப்பைன்னு சொல்றாங்களே!" என்று அவர் கண் கலங்கினார்.

பழைய கல்லால் கெடுதி வரும் என்பது மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அதுவன்று. ஒரு கல்லில் அடங்கியுள்ள உழைப்பும் நினைவும், சுவர் இடிந்ததும் இல்லாமற் போகுமா என்பதே அவரது கேள்வி. இக்கேள்விக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று சற்றே சிந்திப்போம்.

புழலிலிருந்தே தொடங்கலாம். பழந்தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று புழல் கோட்டம். இங்குக் கோட்டை கட்டி ஆண்ட குறும்பரைத் தொண்டைமான் வென்றான் என்றும், அக்கோட்டையிலிருந்த இரு எருக்கந்தூண்களைக் கொண்டுவந்து வட திருமுல்லைவாயில் சிவன் கோயிலில் நிறுத்தினான் என்றும் தல மரபு கூறுகிறது. கோயிலுக்குச் செல்வோர் இன்றும் அவ்விரு தூண்களைக் காணலாம். தோற்றவனின் வீட்டுத் தூண் வென்றவனின் கோயிலில் நிற்கிறது. ஆயினும் அது புழலிலிருந்து வந்தது என்பதை அந்த ஊர் மறைக்கவில்லை.

இவ்வழக்கம் உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தில் 1077-ஆம் ஆண்டில் தொடங்கிய புனித ஆல்பன் மடாலயக் கோயிலின் பணிக்கு, அருகில் பாழடைந்து கிடந்த வெருலாமியம் என்னும் உரோமை நகரின் செங்கற்களே பயன்பட்டன. ஆயிரம் ஆண்டு ஆயுள் முடிந்த கற்கள், மற்றொரு ஆயிரம் ஆண்டாகக் கோபுரத்தைத் தாங்கி நிற்கின்றன. உரோமையில் கொலோசியம் என்னும் பேரரங்கு நெடுங்காலம் கல் எடுக்கும் குவாரியாகவே இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில், திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாசின் காலத்தில் மட்டும் 2,500 வண்டிச் சுமைக்கு மேல் கற்கள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவ்வரங்கைக் கிறிஸ்துவின் பாடுகளுக்கு அர்ப்பணித்து, கற்களை எடுப்பதைத் தடுத்தார். எடுத்தவர்களும் நம்மவர், தடுத்தவரும் நம்மவர்.

நம் நாட்டிலோ, 1850-களில் லாகூர்–முல்தான் இரயில் பாதை அமைத்தபோது, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவுக்குத் தண்டவாளத்தின் அடியில் கொட்டப்பட்டவை அரப்பாவின் செங்கற்கள். அங்கே மாபெரும் பண்டை நாகரிகம் ஒன்று புதைந்திருந்தது என்பதை உலகம் 1924-ஆம் ஆண்டில்தான் அறிந்தது. அதற்குள் அந்நகரின் பெரும்பகுதி இரயில்களுக்கு அடியில் நொறுங்கிப் போயிருந்தது.

பிறரைச் சுட்டும் விரலை இனி நம் பக்கம் திருப்பியாக வேண்டும். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் சூளாமணிவர்மரின் பெயரால் புத்த விகாரம் ஒன்று எழுந்தது. அவருடைய மகன் அதைக் கட்டி முடித்தார். முதலாம் இராசராச சோழன் 1006-ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு அளித்தான். சைவப் பேரரசன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்த செய்தி அது. அவ்விகாரத்தைச் சேர்ந்தது என ஆய்வாளர் பலர் கருதும் செங்கற்கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அங்கு நின்றது. கடலோடிகள் அதைக் கண்டு கரையை அறிந்தனர். 1846-ஆம் ஆண்டில் அதைப் பார்த்த சர் வால்டர் எலியட், மூன்று நிலைகள் கொண்ட அக்கோபுரத்தின் கற்கள் சாந்தே இல்லாமல் நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தன என்று குறித்துள்ளார்.

அக்கோபுரம் இன்று இல்லை. சிதைந்த அக்கட்டடத்தை இடித்து, அப்பொருள்களைத் தங்கள் கல்லூரிக்குப் பயன்படுத்திக்கொள்ள இயேசு சபைக் குருக்கள் அரசிடம் அனுமதி கேட்டனர். 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அனுமதி கிடைத்தது, கோபுரம் மறைந்தது. 1844-இல் நாகையில் தோன்றிய அக்கல்லூரி 1883-இல் திருச்சிக்கு இடம் மாறியது. தூய வளனார் கல்லூரியாக எண்ணற்ற தமிழ் இளைஞருக்கு, சாதி சமய வேறுபாடின்றி, அறிவொளி தந்தது. அந்நன்மையை யாரும் மறுக்க இயலாது. எனினும் பல நூற்றாண்டுகளாக நின்ற ஒரு வழிபாட்டுச் சின்னம் நம் கையால் அழிந்தது என்ற உண்மையை அந்நன்மை துடைத்துவிடாது. நாகையில் பூமிக்கடியில் புதைந்திருந்த புத்தர் செப்புத் திருமேனிகள் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இக்கதையையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை.

ஆகவே வரலாறு நமக்குத் தரும் விடை இதுவே: பழைய கல்லை மீண்டும் பயன்படுத்துவதில் பழுதில்லை. கல்லுக்காக ஒன்றை இடிப்பதும், எடுத்த இடத்தை மறப்பதுமே பழுது. விழுந்ததை எடுத்து நிமிர்த்துவது வேறு. நிற்பதை விழத்தள்ளுவது வேறு.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரயேலர் செங்கல் அறுத்த வரலாற்றை விடுதலைப் பயண நூலில் வாசிக்கிறோம். அது பழங்கதையன்று. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால், அதன் பின் 35 ஆண்டுகள் கழித்து, 2011-இல், இதே திருவள்ளூர் மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர் மீட்கப்பட்டனர். முன்பணம் வாங்கிய குற்றத்துக்காகக் குழந்தைகளோடு சேற்றில் நின்றவர்கள் அவர்கள். ஒவ்வொரு செங்கல்லிலும் மண் வளம் இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது, யாரோ ஒருவரின் முதுகுவலியும் இருக்கிறது. நல்ல கல்லைக் குப்பையில் கொட்டும்போது இம்மூன்றையும் கொட்டுகிறோம்.

எல்லாப் பழைய கல்லும் உதவுமா என்று கேட்கலாம். அனுபவமிக்க கொத்தனார்கள் நமக்குச் சொன்னவற்றைத் தருகிறோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் மெல்லத் தட்டினாலே முழுதாகக் கழன்றுவிடும். சிமென்ட் சாந்தில் கட்டியதோ பெரும்பாலும் உடைந்துதான் வரும். இரு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்ற ஒலி எழ வேண்டும். ஒரு நாள் முழுதும் நீரில் ஊறிய கல்லின் எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், அது தரமற்றது. எண்ணூர், திருவொற்றியூர் போன்ற கடலோர வீடுகளின் கற்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அவற்றின் மேல் பூச்சு நில்லாது. தேறிய கற்களையும் மாடி தாங்கும் சுவருக்குப் பொறியாளரைக் கேளாமல் வைக்கலாகாது. தோட்டச் சுவர், செடிப் பாத்தி, நடைபாதை, கிணற்றடித் தளம் ஆகியவற்றுக்கு அவை மிகவும் ஏற்றவை. உடைந்தவை செங்கல் ஜல்லியாகும். பொடித்தால் சுர்க்கியாகிச் சுண்ணாம்போடு சேரும். நம் முன்னோரின் மொட்டை மாடிகள் இவ்வாறு உருவானவையே. கட்டட இடிபாடுகளைப் பிற குப்பையோடு கலக்காமல் தனியே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டில் நடுவண் அரசு விதி வகுத்தது. எங்கள் பாட்டிமார் விதி எதுவுமின்றியே அதைச் செய்தனர்.

மூதாட்டியின் செங்கற்கள் என்னவாயின? மகனையும் உறவினரையும் அழைத்து, தாய் சொன்னதை அவர்களிடம் அப்படியே சொன்னோம். வேறு போதனை தேவைப்படவில்லை. தன் வீட்டுக் கல்லைத் தன் தாய் சுமந்தார் என்பது அம்மகனுக்கு அதுவரை தெரியாதாம்! ஏறத்தாழ 800 கற்கள் தேறின. இன்று அவை புது வீட்டின் பின்புறத்தில் இடுப்பளவு சுவராகவும், மல்லிகைப் பாத்தியின் விளிம்பாகவும் இருக்கின்றன. பூச்சுப் பூசவில்லை; கல் தெரிய வேண்டும் என்று மகனே கூறிவிட்டார்.

புது வீடு மந்திரிக்கச் சென்ற அன்று, தீர்த்தத்தை அச்சுவரின் மேலும் தெளித்தோம். அன்று முதல், வீடு மந்திரிக்க அழைப்போரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டு வருகிறோம்: "இங்கே முன்பு நின்ற வீட்டின் கல் எங்கே போயிற்று?" விடை தெரியாமல் தலை குனிவோரைக் கடிந்துகொள்வதில்லை. நாகையை நினைத்து நாமும் உடன் தலை குனிகிறோம்.