வெண்மணியின் இரவும் கூத்தூரின் விளக்கும்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டுத் திங்களின் இறுதி நாள்களில், திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை காவி நிறம் பூண்டுவிடுகிறது. ஆகஸ்டு 29 ஆம் நாள் கொடியேற்றத்துக்கும், செப்டம்பர் 8 ஆம் நாள் அன்னையின் பிறந்த நாள் பெருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள், கைக்குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்தபடி கீழ்வேளூரைக் கடக்கின்றனர். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு மன்றாட்டு. மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும். மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும். மருத்துவர் கைவிட்ட நோய் தீர வேண்டும். இவற்றில் குறை காண நாம் யார்? பிள்ளை தாயிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

ஆயினும் அந்தச் சாலையோரம் நிற்கும் போதெல்லாம் ஒரு கேள்வி என்னுள் எழுவதுண்டு. கால் தேய இத்தனை கல் தொலைவு நடந்த பின்னும், 'என் வீடு, என் மக்கள், என் துன்பம்' என்னும் வட்டத்தைவிட்டு நம் மனம் ஓர் அடியாவது நகர்ந்திருக்கிறதா? ஆன்மீக வளர்ச்சி என்பது அந்த ஓர் அடிதான் என்றால், நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் புனிதர்களின் வரலாறுகளைப் புரட்டுவது வழக்கம். இம்முறை அந்தச் சாலையிலிருந்து சற்றே விலகி, கீழ்வேளூர் வட்டத்திலேயே உள்ள இரண்டு சிற்றூர்களுக்குச் செல்வோம். ஒன்று கீழ்வெண்மணி; மற்றொன்று கூத்தூர். 'எனது' என்னும் சொல் முற்றி நெருப்பானதை ஓர் ஊர் கண்டது. அதே சொல் மெல்லக் கரையத் தொடங்கியதை மற்றோர் ஊர் கண்டது.

நெல் விளைந்த மண்

காவிரியின் கிளைகள் கடலைத் தேடிக் களைத்து வரும் கடைமடைப் பகுதி இது. குறுவை, சம்பா, தாளடி எனப் போகங்களைக் கொண்டே இங்கு மக்கள் காலத்தைக் கணக்கிட்டனர். தமிழகத்துக்கே சோறிட்ட இம்மண்ணில், சோற்றை விளைவித்தவர்களுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை என்பது வரலாற்றின் கொடுமை. நிலம் மிராசுதாரர்களிடமும் கோவில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. உழைத்தவர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர், தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாள்களாகவே பிறந்து பண்ணையாள்களாகவே இறந்தனர். எதிர்த்துப் பேசியவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாகத் தரப்பட்ட காலம் அது.

1940களில் பி. சீனிவாசராவ் போன்ற பொதுவுடைமை இயக்கத்தினர் இவர்களை ஒன்று திரட்டினர். 1952 இல் இராஜாஜியின் அரசு, தஞ்சை மாவட்டப் பண்ணையாள்களையும் குத்தகையாளர்களையும் பாதுகாக்க அவசரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சட்டம் தாளில் மாறியது, மனம் மாறவில்லை. நிலம் தன்னுடையது என்று எண்ணியவன், அதில் உழைப்பவனும் தன்னுடையவனே என்று எண்ணுவதை நிறுத்தவில்லை.

தன்னலத்தை நாம் பெரும்பாலும் தனிமனிதக் குறையாகவே பார்க்கப் பழகியிருக்கிறோம். கோபம், பொறாமை, கஞ்சத்தனம் என்று ஒப்புரவு அருள்சாதனத்தில் அறிக்கையிடும் பட்டியலில் அதற்கு ஓர் இடம் தருகிறோம். ஆனால் தன்னலம் ஒரு மனத்தோடு நிற்பதில்லை. அது வேலியாகும், வரப்பாகும், கூலிக் கணக்காகும், ஊர் வழக்கமாகும். இரு அன்புகள் இரு நகரங்களைக் கட்டுகின்றன என்று புனித அகுஸ்தினார் விளக்கியதன் பொருள், இந்த வயல்வெளிகளைக் கண்ட பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

அந்தக் கிறிஸ்து பிறப்பு இரவு

1968 டிசம்பர் 25. ஆலயங்களில் விழாத் திருப்பலி முடிந்து, குடிலில் பாலன் இயேசுவின் திருவுருவத்தைக் கண்டு வணங்கிய மக்கள் வீடு திரும்பியிருந்த நாள். அன்றிரவு கீழ்வெண்மணியில், கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்ததும் குற்றமாயின. தாக்க வந்தவர்களுக்கு அஞ்சி, பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் இராமையா என்பவரின் சிறு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தனர். குடிசை கொளுத்தப்பட்டது. 44 உயிர்கள் கருகின.

வழக்கு நடந்தது. 1973 இல் சென்னை உயர் நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. செல்வமும் சமூக மதிப்பும் உடையவர்கள் தாங்களே நேரில் நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என நம்புவதற்கில்லை என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றிருந்தது. இதற்கிடையே 1969 இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படி நெல்லுக்கு இத்தனை உயிர் விலை.

திருச்சபையின் நாள்காட்டியில் டிசம்பர் 28 ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகள் விழா. பெத்லகேமில் ஒரு மன்னனின் 'எனது அரியணை' என்னும் அச்சத்துக்குப் பலியான குழந்தைகளை அன்று நினைவுகூர்கிறோம். அதற்கு மூன்று நாள் முன்னதாகவே நம் வட்டத்தில் மாசில்லாக் குழந்தைகள் எரிக்கப்பட்டதை எத்தனை மறையுரைகளில் நாம் நினைவுகூர்ந்திருக்கிறோம்? வெண்மணியில் ஆண்டுதோறும் அதே நாளில் நினைவஞ்சலி நடைபெறுகிறது. நாமோ அதே நாளில் விழாக் கொண்டாடிவிட்டு உறங்கப் போகிறோம்.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் குருவாகி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் மாட்டுக் கொட்டிலைப் பற்றி மிக உருக்கமாக மறையுரை ஆற்றினேன். வைக்கோலின் மணம், மாடுகளின் இளஞ்சூட்டு மூச்சு, விண்மீன் ஒளி என்று சொற்களை அடுக்கினேன். பலர் வந்து பாராட்டினர். நானும் உள்ளூர மகிழ்ந்தேன். எல்லாரும் சென்ற பின் ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி வந்தார். இளமையில் பண்ணையாளாக இருந்தவர்.

"சாமி, கொட்டிலப் பத்தி ரொம்ப அழகாச் சொன்னீங்க. நானும் சின்ன வயசுல பண்ணைக் கொட்டில்லதான் படுத்துக் கெடந்தேன். மூத்திர வாடை மூக்கத் தொளைக்கும். கொசு தூங்க விடாது. மார்கழிப் பனிக்கு வைக்கோலுக்குள்ள புகுந்துக்குவேன். பெத்த தாயிக்குப் புள்ளய அங்க போட மனசு வருமா சாமி? வேற எடம் இல்லாமத்தான் போட்டிருப்பாங்க."

அவர் குற்றம் சொல்லவில்லை. பாராட்டவே வந்தார் என்றுகூட எண்ணுகிறேன். ஆனால் குருமடத்தில் நான் கற்ற கிறிஸ்தியல் பாடத்தின் கருப்பொருளை அந்த நான்கைந்து வாக்கியங்கள் எனக்கு மீண்டும் கற்பித்தன. என் மறையுரையின் நடுவில் இருந்தது பாலன் இயேசு என்று நினைத்தேன், இருந்தது நான்.

வந்து தங்கியவர்கள்

வெண்மணிச் செய்தியைக் கேட்டுத் துடித்தவர்கள் பலர். கண்டன அறிக்கைகள் வந்தன. தலைவர்கள் வந்து சென்றனர். காந்திய நெறியில் நின்ற ஓர் இணையர் வந்தனர்; அவர்கள் இங்கேயே தங்கிவிட்டனர். சங்கரலிங்கம் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் ஆகியோரே அவர்கள்.

ஜெகந்நாதன் வசதி படைத்த குடும்பத்தில் பிறந்தவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 1930 இல் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். வட ஆற்காட்டுத் திருப்பத்தூரில் 1921 இல் மருத்துவர்கள் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தில் சில காலம் பணியாற்றினார் என்பது நாம் மகிழ்ந்து நினைக்கத்தக்க செய்தி. 1942 ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார்.

கிருஷ்ணம்மாளோ நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் 1926 இல் பிறந்தவர். நிறைமாதக் கர்ப்பத்திலும் வயலில் உழைத்த தம் தாய் நாகம்மாளின் துன்பத்தைப் பார்த்து வளர்ந்தவர்; வறுமையை வென்று பட்டம் பெற்றவர்; வள்ளலாரின் அருட்சோதி நெறியில் ஊறியவர். சாதியின் சுவரைத் தாண்டி இருவரும் 1950 இல் மணம் புரிந்தனர். வினோபா பாவே 1951 இல் தொடங்கிய பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தனர். வெண்மணிக்குப் பின் கீழத்தஞ்சையே அவர்களது களமாயிற்று.

பட்டமும் தொடர்புகளும் உடையவர்கள் நகரத்திலிருந்தே நற்பணி ஆற்றியிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் துன்பத்தை எட்ட நின்று பார்ப்பது வேறு, அதன் நடுவே குடியேறுவது வேறு. கடவுள் மேலிருந்து இரங்கியதோடு நில்லாமல், தம்மையே வெறுமையாக்கி நம் நடுவே வந்து தங்கினார் என்பதே கிறிஸ்து பிறப்பின் பொருள். அந்த மறைபொருளை அறிக்கையிடாதவர்கள், அதன் தடத்தில் நடந்தார்கள் என்று நான் சொன்னால், அது நம் நம்பிக்கையைக் குறைத்துச் சொல்வதாகாது. தூய ஆவியாரின் தாராளத்தைச் சொல்வதேயாகும்.

மனமாற்றத்தின் பத்திரம்

1981 இல் அவர்கள் 'லாஃப்டி' என்னும் அமைப்பை நிறுவினர். உழுபவருக்கு நில உரிமை என்பதே அதன் நோக்கம். கூத்தூரிலுள்ள வினோபா ஆசிரமம் அதன் இருப்பிடமாயிற்று. வழிமுறை எளியது, நடத்துவதோ அரிது. நிலவுடைமையாளரையும் நிலமற்றவரையும் ஒரே இடத்தில் அமர்த்திப் பேச வைப்பது; இருவரும் ஏற்கும் விலைக்கு நிலத்தை வாங்குவது; வங்கிக் கடன் பெறுவது; கூடி உழைத்து, விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது. தொடக்கத்தில் வங்கிகள் தயங்கின. பத்திரச் செலவு சுமையாயிற்று. ஆயினும் 2007 ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் சுமார் 13,000 குடும்பங்களுக்குக் கைமாறியது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்ற கணக்கு.

இதில் என் சிந்தையை ஈர்ப்பது, எரித்தவர்களின் வகுப்பினரோடும் அமர்ந்து பேச முடியும் என்ற அந்த நம்பிக்கை. அநீதியை எதிர்ப்பவரிடமும் தன்னலம் ஒளிந்திருக்கக்கூடும். 'நான் நேர்மையாளன், அவன் கொடியவன்' என்னும் எண்ணத்தில் அது சுகமாக வளரும். அந்த எண்ணத்துக்கு இடம் தராமல், நிலவுடைமையாளரின் வாசற்படியையும் ஏறியவர் கிருஷ்ணம்மாள்.

மற்றொன்று, மனமாற்றம் இங்கே உணர்ச்சியோடு முடியவில்லை; பதிவு அலுவலகம் வரை சென்றது. சக்கேயுவின் கதையை எண்ணிப் பாருங்கள். ஆண்டவர் அவன் வீட்டுக்கு வந்ததும் அவன் கண்ணீர் விட்டதாக நற்செய்தியாளர் லூக்கா எழுதவில்லை. உடைமையில் எவ்வளவு ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு எத்தனை மடங்கு ஈடு என்று அவன் கணக்குச் சொன்னதைத்தான் எழுதினார். கணக்குக்கு வராத மனமாற்றத்தை நாம் சற்று ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் புனித அம்புரோசு, நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி எழுதுகையில், அது பழைய கதையாயினும் நாள்தோறும் நடப்பது என்ற கருத்தை வைத்தார். ஏழைக்குக் கொடுப்பவன் தன்னுடையதைக் கொடுக்கவில்லை, அவனுடையதைத் திருப்பித் தருகிறான் என்பதும் அவர் போதனை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967 இல் வெளியிட்ட 'மக்களின் முன்னேற்றம்' சுற்றுமடலில் இப்போதனையை எடுத்தாண்டார். மறு ஆண்டே வெண்மணி எரிந்தது. சுற்றுமடல் நம் நூலகங்களை வந்தடைந்தது, வயல்களை வந்தடையவில்லை.

ஜெகந்நாதன் முதுமையிலும் ஓயவில்லை. கடலோர இறால் பண்ணைகளால் விளைநிலமும் குடிநீரும் உவராவதைக் கண்டு போராடி, உச்ச நீதிமன்றம் சென்றார். அவர் பெயராலேயே அறியப்படும் அவ்வழக்கில் 1996 டிசம்பர் 11 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 2008 இல் இருவருக்கும் மாற்று நோபல் எனப்படும் விருது வழங்கப்பட்டது. 2013 பிப்ரவரி 12 ஆம் நாள் அவர் மறைந்தார். கிருஷ்ணம்மாளுக்கு 2020 இல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அளவுகோல்

இதனால் இப்பகுதியின் துயரெல்லாம் தீர்ந்துவிட்டதாக நான் சொல்ல வரவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டுகளில் ஓர் ஏக்கர் நிலம் ஒரு குடும்பத்தைக் காப்பதில்லை. இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் செல்கின்றனர். நிலம் பெற்றவர் உள்ளத்திலும் 'எனது' என்னும் விதை முளைக்கத்தான் செய்யும். தன்னலம் ஒரு முறை அறுத்தால் தீரும் பயிரன்று. ஒவ்வொரு போகத்திலும் பறிக்க வேண்டிய களை.

ஆகவே, தன்னைத் தேடுவதிலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அவ்வளவே ஆன்மீகத்தில் வளர்கிறோம் என்பது லொயோலா இஞ்ஞாசியார் தந்த அளவுகோல். மனிதன் தன்னைப் பிறருக்குக் கையளிப்பதாலேயே தன்னைக் கண்டடைகிறான் என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கருத்து. 'யான்', 'எனது' என்னும் செருக்கை அறுத்தவனுக்கே உயர்நிலை என்று வள்ளுவர் துறவு அதிகாரத்தில் சொன்னதும் இதையே. நாம் கலந்துகொண்ட தியானங்களின் எண்ணிக்கையும், செபமாலைகளின் எண்ணிக்கையும், நான் ஆற்றிய மறையுரைகளின் எண்ணிக்கையும் இந்த அளவுகோலில் ஏறுவதில்லை. நம் வயலில் உழைப்பவருக்கு மாலையில் என்ன கூலி தருகிறோம், நம் வீட்டு வேலைக்கு வருபவர் எந்தக் குவளையில் நீர் பருகுகிறார், நம் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம் என்பவையே ஏறும்.

அன்புக்குரியவர்களே, அடுத்த முறை வேளாங்கண்ணிக்கு நடக்கும்போது கீழ்வேளூரில் சற்றே நில்லுங்கள். உங்கள் மன்றாட்டை விட்டுவிட வேண்டாம். அன்னை அதைக் கேட்பார். அதனோடு மற்றொருவருடைய மன்றாட்டையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். பசித்தோரை நிரப்பும் கடவுளைப் புகழ்ந்து பாடிய அந்தத் தாய்க்கு, நாம் கொண்டு செல்லக்கூடிய மெழுகுதிரிகளுள் அதுவே பெரியது.

அந்தப் பெரியவர் இன்று உயிரோடு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் குடில் அமைக்கும்போது வைக்கோலைக் கையில் எடுக்கிறேன். அவர் குரல் கேட்கிறது. அதன் பிறகே மறையுரையை எழுத உட்காருகிறேன்.