ஆறு கிரெடிட் வரலாறு

அக்கா மகள் டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். செமஸ்டர் தொடங்கும் முன் வீடியோ காலில் வந்து ஒரே புலம்பல். "மாமா, ஹிஸ்டரியில ஆறு கிரெடிட் முடிச்சாதான் டிகிரியே தருவாங்களாம். கோட் எழுதறவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" தப்பிக்க வழியும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். கிளெப் என்றொரு தேர்வு. 90 நிமிடம், சுமார் 120 கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். தேறினால் பொதுவாக மூன்று கிரெடிட். ரெண்டு எழுதினால் வேலை முடிந்தது. "எழுதிடட்டுமா மாமா?"

அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு வரலாறு பத்தாம் வகுப்போடு முடிந்துபோன பாடம். பதினொன்றில் சயின்ஸ் குரூப் எடுத்தேன், அப்புறம் நாலு வருஷம் இன்ஜினியரிங். அதற்கிடையில் வரலாறு என்று ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை, யாரும் படிக்கச் சொல்லவும் இல்லை. அவளுக்குப் பதில் தேடப் போனபோதுதான் இந்தக் கட்டாயத்துக்கே ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளின் காற்று எதிர்த்திசையில் அடித்துக்கொண்டிருந்தது. ஹார்வர்டின் தலைவராக 1869 முதல் 1909 வரை இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, பிடித்ததைப் படியுங்கள் என்று மாணவர்களிடம் விட்டுவிட்டார். என் மருமகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கும். பிறகு போர் வந்தது.

1918 அக்டோபர் 1 அன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஒரே நாளில் ராணுவப் பயிற்சி முகாம்கள் ஆயின. மாணவர்கள் சீருடை போட்டு உறுதிமொழி எடுத்தார்கள். டிரில்லோடு சேர்த்து ஒரு பாடமும் கட்டாயம்: 'போர்ப் பிரச்சினைகள்'. நாம் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பதைப் பத்தொன்பது, இருபது வயசுப் பையன்களுக்குப் புரிய வைக்கும் வகுப்பு. ஐரோப்பாவின் வரலாறு, பொருளாதாரம், அரசியல், தத்துவம் எல்லாம் கலந்து கட்டியது. பச்சையாகச் சொன்னால் அதில் பாதி பிரச்சாரம். ஆறு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 11 அன்று போர் நின்றுவிட்டது. டிசம்பரில் முகாம்களும் கலைந்தன.

வகுப்பு மட்டும் சாகவில்லை. போருக்கு ஒரு பாடம் இருக்கலாம் என்றால் அமைதிக்கு ஏன் இருக்கக் கூடாது என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர்கள் யோசித்தார்கள். 1919இல் 'சமகால நாகரிகம்' என்ற பாடம் பிறந்தது. முதலாண்டு மாணவர் எல்லோருக்கும் கட்டாயம், வாரத்தில் ஐந்து நாள். நூறு வருஷம் தாண்டியும் அந்தப் பாடம் உருமாறி அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு ராத்திரி அவசரத்துக்கு எழுதிய பேட்ச், எழுதினவன் வேலையை விட்டுப் போன பிறகும் புரொடக்‌ஷனில் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது இப்படித் திருந்தி வளர்ந்து பார்த்ததில்லை.

அடுத்த போரிலும் இதே கதை. 1943இல் ஹார்வர்டில் பொதுக்கல்வி பற்றி யோசிக்கக் குழு அமைத்த ஜேம்ஸ் கோனன்ட் ஒரு வேதியியலாளர். போர்க்கால ஆயுத ஆராய்ச்சியின் உச்சியில் இருந்தவர். 1945 ஜூலையில் முதல் அணுகுண்டுச் சோதனையை நேரில் பார்த்தார். துறைப்படிப்பு மட்டும் போதாது, ஒரு ஜனநாயகத்தின் குடிமக்களுக்குப் பொதுவான படிப்பு வேண்டும் என்று வாதிட்ட அந்தக் குழுவின் அறிக்கை வெளிவந்ததும் அதே வருஷம்தான். இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பொதுவான படிப்பு, சரி. யாருடைய பொது? 1980களில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் கேட்டது அதைத்தான். முதலாண்டில் எல்லோரும் படிக்க வேண்டிய 'மேற்கத்தியப் பண்பாடு' பாடத்தின் நூல் பட்டியலில் எங்களைக் காணோமே என்று கறுப்பின, லத்தீன், ஆசிய மாணவர்கள் போராடினார்கள். 1988 மார்ச்சில் ஆசிரியர் பேரவை 39க்கு 4 என்று வாக்களித்துப் பாடத்தை மாற்றியது. அன்றைய கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட் வளாகத்துக்கே வந்து கண்டித்துப் பேசினார். கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகள் கட்டாயத்தை எடுங்கள் என்று கேட்கவில்லை. அதற்குள் எங்களையும் சேருங்கள் என்றார்கள்.

டெக்சாஸில் கதை வேறு. அங்கே இதை மாநிலச் சட்டமே சொல்கிறது: அரசுப் பணம் வாங்கும் கல்லூரி எதுவும் அமெரிக்க வரலாற்றில் ஆறு கிரெடிட் இல்லாமல் பட்டம் தரக் கூடாது. அதில் மூன்று, டெக்சாஸ் வரலாறாக இருக்கலாம். தேர்வெழுதித் தாண்டலாம் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. படித்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு, படிக்காமல் போக ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் அவளிடம் ஒப்பித்தேன். "மாமா, நீங்களே ஒரு கிளாஸ் எடுத்துட்டீங்க" என்று சிரித்தாள். பேரம் பேசி, முதல் மூன்றுக்குக் கிளெப், அடுத்த மூன்றுக்கு டெக்சாஸ் வரலாற்று வகுப்பு என்று முடிவு செய்தாள். வகுப்பு செவ்வாய், வியாழன்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டாள். வகுப்பில் பருத்தி நடக்கிறதாம். அடிமைமுறை ஒழிந்த பிறகும் சொந்த நிலமில்லாமல் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள், அறுவடை முடிந்தும் தீராத அவர்களுடைய கடன். பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்திக் கேட்டாள்: "கோவில்பட்டிப் பக்கம் தாத்தாவும் பருத்திதான போட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. அது யாரோட நிலம் மாமா?"

அப்பாவுக்குப் போன் செய்தேன். "எதுக்குடா இப்ப அதெல்லாம்?" என்றார். காலேஜில் கேட்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஞாயித்துக்கிழமை வா, நேர்ல சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.